மகன் ஊர் டெக்சாஸ், மகள் ஊர் நியூ ஜெர்சி

பிள்ளைகளை அமெரிக்காவுக்கு அனுப்பிவிட்டு, இங்கே வீட்டையும் பூஜையறையையும் காத்துக்கொண்டிருக்கும் முதிய தம்பதியரை இன்று எந்த ஊர்க் கோயிலிலும் காணலாம். பிரதோஷ தரிசனம் முடிந்து கொடிமரத்தருகே அமர்ந்தால், பேச்சு பெரும்பாலும் ஒரே கேள்வியில்தான் வந்து நிற்கும்: "நிரந்தரமாக அங்கே போவதென்றால் எந்தப் பிள்ளையிடம் இருப்பது?" நம் மரபு இதற்கு விடை வைத்திருக்கிறது. மகன் இருக்கையில் மகள் வீட்டில் போய்த் தங்குவது முறையன்று என்பதே அவ்விடை. ஆனால் கடல் கடந்த தேசத்தில் மகன் இருக்கும் மாநிலமும் மகள் இருக்கும் மாநிலமும் இரு வேறு நாடுகள் போல இருக்கையில், அந்த விடை மட்டும் போதுமா என்ற ஐயம் எங்களுக்கு எழுந்தது.

எங்கள் மகன் டெக்சாஸ் மாநிலத்தில், ஹூஸ்டன் நகரத்திற்கு மேற்கேயுள்ள கேட்டி என்னும் ஊரில் இருக்கிறான். மகள் நியூ ஜெர்சி மாநிலத்தில் எடிசன் என்னும் ஊரில் இருக்கிறாள். கடந்த சில ஆண்டுகளில் மூன்று முறை சென்று, வெயில் காலத்தையும் பனிக்காலத்தையும் இரண்டு ஊர்களிலும் கண்டுவிட்டோம். அந்த அனுபவம், இதே கேள்வியோடு இருக்கும் அன்பர்களுக்குப் பயன்படலாம்.

முதலில் நில அளவு. நம் தமிழ்நாடு ஏறத்தாழ 1,30,000 சதுர கிலோமீட்டர். டெக்சாஸ் ஏறத்தாழ 6,95,000. அதாவது ஐந்து தமிழ்நாடுகளுக்கும் மேல். நியூ ஜெர்சியோ 22,600 அளவுதான். நம்முடைய பெரிய மாவட்டங்கள் நான்கைச் சேர்த்தால் அந்த மாநிலம் வந்துவிடும். 2020-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி டெக்சாஸில் 2 கோடியே 91 லட்சம் மக்கள்; நியூ ஜெர்சியில் ஏறத்தாழ 93 லட்சம். அமெரிக்காவிலேயே மக்கள் மிக நெருங்கி வாழும் மாநிலம் நியூ ஜெர்சிதான். வாழ்க்கையில் மற்ற வேறுபாடுகள் அனைத்தும், கோயிலுக்குப் போகும் வழி உட்பட, இந்த நெருக்கத்திலிருந்தும் அந்தப் பரப்பிலிருந்தும் பிறப்பவையே.

பல்லாண்டுகள் வங்கியில் கடன் விண்ணப்பங்களைப் படித்துப் பழகியவனுக்கு வரவு செலவைப் பாராமல் மேலே செல்ல மனம் வராது. டெக்சாஸில் மாநில வருமான வரி கிடையாது. இனி ஒருகாலும் விதிக்கலாகாது என்று 2019-இல் அம்மாநில அரசியலமைப்பிலேயே எழுதிக்கொண்டார்கள். நியூ ஜெர்சியில் வருமானம் ஏற ஏற 1.4 விழுக்காட்டிலிருந்து 10.75 விழுக்காடு வரை வரி உண்டு. கணவனும் மனைவியுமாகச் சேர்ந்து ஆண்டுக்கு ஒன்றரை லட்சம் டாலருக்கு வரி கணக்கிட்டால், ஏறத்தாழ 5,500 டாலர் மாநிலத்திற்குப் போகும். இதைக் கேட்டதும் டெக்சாஸே சிறந்தது என்று முடிவு கட்டிவிட வேண்டாம். வருமான வரியில் விட்டதை டெக்சாஸ் வீட்டு வரியில் பிடித்துக்கொள்கிறது. நான்கு லட்சம் டாலர் வீட்டிற்கு ஆண்டுக்கு எட்டாயிரம் டாலர் வரி என்பது மகன் வட்டாரத்தில் சாதாரணம். சூறாவளிக்கும் ஆலங்கட்டி மழைக்கும் அஞ்சி எடுக்கும் வீட்டுக் காப்பீட்டின் தவணை வேறு. நியூ ஜெர்சியில் வீட்டு வரியின் வீதம் அமெரிக்காவிலேயே மிக உயர்ந்தவற்றுள் ஒன்று. வீட்டின் விலையும் கூடுதல். எனவே மகள் இரு பக்கமும் கொடுக்கிறாள், மகன் ஒரு பக்கம் கொடுக்கிறான் என்பதுதான் சரியான கணக்கு. கையில் மிஞ்சுவது மகனிடமே அதிகம்.

அந்த மிச்சம் வீட்டில் தெரிகிறது. மகனுடைய வீட்டில் தரைத்தளத்திலேயே எங்களுக்கென ஒரு படுக்கையறை, அதை ஒட்டிக் குளியலறை, கிழக்கு நோக்கிய தனிப் பூஜையறை. கொல்லையில் வாழையும் கறிவேப்பிலையும் தரையில் வேரூன்றி நிற்கின்றன. துளசி மாடத்தை ஆண்டில் சில நாட்கள் தவிர வெளியிலேயே வைக்கலாம். மார்கழியில் வாசலில் கோலமிட முடிகிறது. மகள் வீடு வரிசை வீடுகளில் ஒன்று. படுக்கையறைகள் யாவும் மாடியில். சுவாமி, சமையலறைச் சுவரில் பதித்த ஓர் அலமாரியில் எழுந்தருளியிருக்கிறார். ஐப்பசி பிறந்தாலே துளசித் தொட்டியை உள்ளே தூக்கிவந்து சன்னலோரம் வைத்து, பங்குனி வரை ஒரு குழந்தையைப் போலப் பார்த்துக்கொள்ள வேண்டும். கறிவேப்பிலையும் அப்படியே. வீட்டை மட்டும் பார்த்து முடிவு செய்வதாயிருந்தால் இக்கட்டுரைக்கே வேலையில்லை.

இனிக் கோயில்கள். ஹூஸ்டனுக்குத் தெற்கே பியர்லாண்டில் உள்ள மீனாட்சி கோயிலை இவ்விதழின் வாசகர்கள் பலர் அறிந்திருக்கக் கூடும். 1970-களின் இறுதியில் முதலில் பிள்ளையாருக்குச் சிறு கோயில் எழுப்பி, 1982-இல் பெரிய கோயிலுக்குக் குடமுழுக்குச் செய்தார்கள். அன்னை மீனாட்சியும் சுந்தரேசுவரரும் வேங்கடேசப் பெருமாளும் ஒரே வளாகத்தில் அருள்பாலிக்கிறார்கள். தங்கையைத் தாரை வார்த்துக் கொடுத்த அண்ணனும் கூடவே இருக்கிறார் என்று எண்ணிக்கொண்டேன். தட்டையான டெக்சாஸ் வெளியில், புல்வெளிகளுக்கு அப்பால் வெள்ளைக் கோபுரம் தென்படும்போது, காரில் இருந்தபடியே கை குவிந்துவிடுகிறது. மதுரையில் அம்மன் சந்நிதி வாசலில் தலைமுறை தலைமுறையாகப் பூக்கடை வைத்திருப்பவர்களுக்கு, தங்கள் அன்னை இவ்வளவு தொலைவில் இப்படி ஓர் ஊரில் கொலுவிருப்பது தெரியுமோ என்னவோ!

அங்கே நான் கண்ட ஒன்றைச் சொல்ல வேண்டும். கோயில் தொலைவில் இருப்பதாலேயே குடும்பங்கள் அதை நாள் முழுதுக்குமாக வைத்துக்கொள்கின்றன. காலையில் அபிஷேகம், பிறகு குழந்தைகளுக்குப் பாட்டு அல்லது பரதம், நடுவே சிற்றுண்டிச் சாலையில் இட்லியும் புளியோதரையும், பெரியவர்களுக்கு நிழலில் அமர்ந்து பேச ஓர் இடம், மாலை தீபாராதனை கண்டு வீடு திரும்பல். நியூ ஜெர்சியில் கோயில்கள் பல. பிரிட்ஜ்வாட்டரில் வேங்கடேசப் பெருமாள், மார்ல்பரோவில் குருவாயூரப்பன், ராபின்ஸ்வில்லில் 2023 அக்டோபரில் திறக்கப்பட்ட பிரம்மாண்டமான சுவாமிநாராயண் அட்சர்தாம். பல இருப்பதால், எதிலும் முக்கால் மணி நேரத்திற்கு மேல் மகள் குடும்பத்தார் நிற்பதில்லை. அர்ச்சனை, பிரசாதம், கார்.

ஆனால் இவையெல்லாம் சனி, ஞாயிறு. வாரத்தில் மீதி ஐந்து நாட்கள் இருக்கின்றனவே!

கேட்டியில் காலை எட்டு மணிக்கு மகனும் மருமகளும் அலுவலகத்திற்கும், பேரன் பள்ளிக்கும் போய்விடுவார்கள். பிறகு மாலை வரை அந்தத் தெருவில் மனித நடமாட்டம் என்பது, கடித உறை போடும் அஞ்சல்காரரும் புல் வெட்டும் தொழிலாளரும்தான். நடைபாதை அழகாக இருக்கிறது. நடந்துபோய்ச் சேரத்தான் ஓர் இடமும் இல்லை. காய்கறிக் கடைக்கே கார் வேண்டும். பியர்லாண்ட் கோயில் ஏறத்தாழ 40 மைல். சாலை சீராக இருந்தால் ஒரு மணி நேரம். சில இடங்களில் இருபத்தாறு தடங்கள் வரை விரியும் கேட்டி நெடுஞ்சாலையைக் கண்டபின், அந்நாட்டில் காரோட்டும் எண்ணத்தை நான் கைவிட்டேன். வாடகைக் கார் வைத்துக்கொண்டால் போய்வர நூறு டாலருக்கு மேலாகிறது. பேருந்து கிடையாது. ஆக, பிரதோஷம் செவ்வாயன்று வந்தால் பிரதோஷம் இல்லை. கிருத்திகை வியாழனன்று வந்தால் கிருத்திகை இல்லை. நாற்பது ஆண்டுகளாகப் பிரதோஷத்தைத் தவறவிடாத என் துணைவியார், அந்நாட்களில் பூஜையறையில் விளக்கேற்றி, நந்தியெம்பெருமான் படத்தின் முன் அமர்ந்துகொள்வார். குறை ஒன்றும் சொல்லமாட்டார். ஆனால் மகன் வீடு திரும்பியதும், "சனிக்கிழமை போகலாமாப்பா?" என்று கேட்கும்போது அந்தக் குரலில் ஒரு தயக்கம் இருந்தது. சொந்த மகனிடம், கோயிலுக்கு அழைத்துப் போகச் சொல்லி, அனுமதி கேட்பது போன்ற தயக்கம். அதை முதன்முறை கேட்ட இரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

எடிசனில் நிலைமை வேறு. அவ்வூருக்கு அந்தப் பெயரே, 1876-இல் அங்கே மென்லோ பார்க்கில் ஆய்வுக்கூடம் அமைத்து மின்விளக்கைச் செய்துகாட்டிய தாமஸ் ஆல்வா எடிசனை நினைந்து 1954-இல் இடப்பட்டது. இன்று அவ்வழியே செல்லும் ஓக் ட்ரீ சாலையின் இருமருங்கிலும் புடவைக் கடைகள், நகைக் கடைகள், மளிகைக் கடைகள். வாழையிலையும் வெற்றிலையும் மல்லிகைச் சரமும் விபூதியும் கற்பூரமும் வாங்கலாம். மகள் வீட்டிலிருந்து பத்து நிமிட நடை. காலை பத்து மணிக்குத் துணைவியார் துணிப்பையுடன் புறப்பட்டால், எதிரில் வரும் நான்கு பேரில் ஒருவராவது சேலை கட்டியிருப்பார். மொழி தெரியாத குஜராத்திப் பாட்டியம்மாள் ஒருவருடன் இவருக்கு உண்டான நட்பை நான் இன்றும் வியக்கிறேன். இருவரும் பேசிக்கொள்வது எந்த மொழியில் என்று எனக்கு விளங்கவில்லை; ஏகாதசி என்றைக்கு என்பது மட்டும் இருவருக்கும் சரியாகத் தெரிந்திருக்கிறது.

அதைவிடப் பெரிது ரயில். மெட்ரோபார்க் நிலையத்திலிருந்து நியூயார்க் பென் நிலையம் முக்கால் மணி நேரப் பயணம். 62 வயது கடந்தவர்களுக்கு நியூ ஜெர்சி ரயிலில் கட்டணச் சலுகை உண்டு. பென் நிலையத்திலேயே மாறி, லாங் ஐலண்ட் ரயிலில் போர்ட் வாஷிங்டன் தடத்தைப் பிடித்தால் ஃபிளஷிங். அங்கே பவுன் தெருவில் ஸ்ரீ மஹாவல்லப கணபதி தேவஸ்தானம். அது இருப்பது நியூயார்க் மாநிலத்தில்தான்; ஆனால் அண்டை மாநிலத்துக் கோயிலும் கைக்கெட்டும் தொலைவில் இருப்பது நியூ ஜெர்சி வாழ்வின் பேறுகளில் ஒன்று. ஐக்கிய நாடுகள் சபையில் பணியாற்றிய தமிழர் அழகப்ப அழகப்பன் முதலானோர் 1970-இல் சங்கம் அமைத்து, பழைய தேவாலயம் ஒன்று இருந்த இடத்தை வாங்கி, 1977 ஜூலை 4 அன்று குடமுழுக்கு நடத்தினார்கள். அமெரிக்கச் சுதந்திர தினத்தில்! அந்தத் தெருவுக்குப் பெயர் தந்த ஜான் பவுன் என்பவர், தம் வீட்டில் குவேக்கர் சமயத்தார் கூடி வழிபட இடமளித்தமைக்காக 1662-இல் சிறைப்பட்டவர். விரும்பிய தெய்வத்தை விரும்பியபடி வழிபடும் உரிமைக்காக ஒருவர் சிறை சென்ற வீதியில் நம் பிள்ளையார் வந்து அமர்ந்திருக்கிறார். 2022-இல் அத்தெருவின் ஒரு பகுதிக்குக் கணேஷ் கோயில் தெரு என்று கூடுதல் பெயரும் இட்டுவிட்டார்கள்.

ஒரு சங்கடஹர சதுர்த்தியன்று, மகளுக்கு ஒரு குறுஞ்செய்தி மட்டும் அனுப்பிவிட்டு, நாங்கள் இருவராகவே அங்கே சென்றோம். ஃபிளஷிங் நிலையத்தில் இறங்கியதும் எங்கு நோக்கினும் சீன எழுத்துப் பலகைகள். ஒரு மைல் தூரம் மெல்ல நடந்தோம். கோபுரம் தெரிந்ததும் துணைவியார் தெருவிலேயே நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். அபிஷேகம் கண்டு, கீழ்த்தளத்து உணவுக்கூடத்தில் ஆளுக்கொரு தோசை உண்டு, மாலை ஐந்து மணிக்கு வீட்டில் இருந்தோம். எவரையும் அழைக்கவில்லை, எவருக்காகவும் காத்திருக்கவில்லை. அன்றிரவு அவர் மாப்பிள்ளையிடமும் பேத்தியிடமும் பேசிய பேச்சு, கேட்டியில் ஒரு மாதத்தில் பேசியதைவிட அதிகம்.

நியூ ஜெர்சியைப் புகழ்ந்துகொண்டே போகிறேன் என்று எண்ண வேண்டாம். தை, மாசி மாதங்களில் அந்த நடைபாதைகளே பகையாகிவிடும். பனி விழும்போது அழகு. மறுநாள் உருகி, இரவில் மீண்டும் உறைந்து, கண்ணுக்குத் தெரியாத கண்ணாடிபோலக் கிடக்கும்போது எமன். அறுபது கடந்தவர் அதில் கால் வைக்கலாகாது. அந்த இரண்டு மாதமும் எடிசன் வாழ்க்கை கேட்டி வாழ்க்கையைவிடச் சிறைதான். அதுவும் மாடிப்படியுள்ள சிறை. மின்சார அடுப்பின் மேலுள்ள புகை எச்சரிக்கைக் கருவி, சாம்பிராணி போட்டவுடன் அலறி வீட்டையே கூட்டிவிடும் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். இது இரண்டு மாநிலத்திற்கும் பொது.

இயற்கையின் சீற்றத்தில் இரண்டுக்கும் பங்கு உண்டு. நியூ ஜெர்சிக் கரையை 2012 அக்டோபரில் சாண்டி புயல் சிதைத்தது. 2017 ஆகஸ்டில் ஹார்வி புயல் ஹூஸ்டன் பகுதியைப் பல நாள் மழையில் ஆழ்த்தியபோது, கேட்டியை அடுத்த நீர்த்தேக்கம் நிரம்பிப் பல குடியிருப்புகளுக்குள் புகுந்தது. 2021 பிப்ரவரியில் உறைபனி வந்தபோது நிகழ்ந்ததை நான் மறப்பதற்கில்லை. டெக்சாஸின் மின்வலை பெரும்பாலும் மற்ற மாநிலங்களோடு இணையாமல் தனித்து நிற்பது. தட்டுப்பாடு வந்தால் அண்டையிலிருந்து போதிய அளவு வாங்க வழியில்லை. நாற்பத்தைந்து லட்சம் வீடுகளும் கடைகளும் இருண்டன. மாநில அரசின் கணக்குப்படியே 246 பேர் உயிரிழந்தார்கள். மகன் வீட்டில் மூன்று நாள் மின்சாரமில்லை, குழாய் வெடித்தது, பூஜையறைக் குத்துவிளக்குதான் வெளிச்சம். நாங்கள் இங்கிருந்து தொலைபேசியைப் பிடித்துக்கொண்டு தவித்தோம். கொல்லைக் கறிவேப்பிலை கருகிப்போயிற்று. சித்திரையில் வேரிலிருந்து துளிர்த்தது.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பள்ளிகளில் நியூ ஜெர்சிக்கு நாடளவில் நற்பெயர். ஆனால் மகன் வட்டாரத்துப் பள்ளியிலும் எங்களுக்குக் குறை தெரியவில்லை. மருத்துவத்தில் ஹூஸ்டனின் மருத்துவ வளாகம் உலகிலேயே மிகப் பெரியது என்பார்கள். அதே டெக்சாஸில்தான் மருத்துவக் காப்பீடே இல்லாதவர்களின் விகிதம் அமெரிக்காவில் மிக அதிகம். குறைந்தபட்சக் கூலி டெக்சாஸில் மணிக்கு 7.25 டாலர், நியூ ஜெர்சியில் 15 டாலரைக் கடந்துவிட்டது. நம் பிள்ளைகளின் சம்பளத்தை மட்டும் வைத்து ஒரு மாநிலத்தை அளப்பவர்கள், மகனுடைய தெருவில் கொளுத்தும் வெயிலில் புல் வெட்டுபவரையும் ஒருமுறை நினைத்துப் பார்க்க வேண்டும் என்பது என் எண்ணம். வெயிலைப் பொறுத்தவரை, ஹூஸ்டனின் ஆடி மாதம் சென்னையின் சித்திரைக்குச் சளைத்ததன்று.

மகளுக்குக் குடியுரிமை கிடைத்ததும், எங்களுக்குக் கிரீன் கார்டு விண்ணப்பிக்கட்டுமா என்று கேட்டாள். அதே வாரம் மகனும் அழைத்தான். "அப்பா, கீழ் ரூம் உங்களுக்குன்னுதானே கட்டினேன். எங்க வீட்டுல என்ன குறை?" என்றான். மருமகள் பின்னாலிருந்து, "மாமா, அத்தைக்கு எது சௌகரியமோ அதைச் சொல்லுங்கோ" என்றாள். என் துணைவியாரின் தமையனார் வெளிப்படையாகவே கேட்டார்: "ஆண்பிள்ளை இருக்கும்போது மாப்பிள்ளை வீட்டுச் சோறா? சம்பந்தி என்ன நினைப்பார்?" சம்பந்தி அம்மாளிடம் நானே பேசினேன். "எங்களுக்கும் ஒரு பெண் கலிபோர்னியாவில் இருக்கிறாள். நீங்கள் வழி காட்டினால் நாங்களும் தைரியமாகப் போவோம்" என்று சிரித்தார்.

முடிவை நான் சொல்லக் கூடாது, துணைவியார்தான் சொல்ல வேண்டும் என்று விட்டுவிட்டேன். இரண்டு நாள் ஒன்றும் பேசவில்லை. மூன்றாம் நாள் காலை, பூ தொடுத்தபடியே, "என்னங்க, வீடு அவன் வீடுதான். ஆனா அங்க நான் யாரையாவது கேட்டுத்தான் சாமி பார்க்கணும்" என்றார். வேறு விளக்கம் நான் கேட்கவில்லை. மகனிடம் அதை எப்படிச் சொல்வது என்பதே கடினமாக இருந்தது. சொன்னேன். நெடுநேரம் மறுமுனையில் ஓசையில்லை. பிறகு, "மார்கழிக்காவது வருவீங்கல்ல?" என்றான்.

அவ்வாறே ஏற்பாடாகியிருக்கிறது. மார்கழி முதல் மாசி வரை, எடிசனில் பனி கிடக்கும் மூன்று மாதம் கேட்டியில். மீதி நாட்கள் மகளிடம். வெள்ளிக்கிழமைகளில் வீட்டிலிருந்தே பணி செய்ய மகன் அலுவலகத்தில் கேட்டு வாங்கியிருக்கிறான். மதியம் இரண்டு மணிக்கு மேல் பியர்லாண்ட் போய் மீனாட்சியைச் சேவித்து வரலாம் என்பது அவன் திட்டம். வாசலில் கோலமிட அரிசி மாவு போதும் என்று நான் சொல்லியும், துணைவியார் இங்கிருந்தே ஐந்து கிலோ கோலப்பொடி கட்டி வைத்திருக்கிறார்.

அங்கே செல்லும் அன்பர்களுக்குச் சில குறிப்புகள். விழாக்கள் பலவற்றை அருகிலுள்ள சனி, ஞாயிறுக்கு மாற்றிக் கொண்டாடுவது இரு மாநிலங்களிலும் உண்டு; கோயில் நாட்காட்டியைப் பார்த்துக்கொண்டு புறப்படுங்கள். ஹூஸ்டனில் தங்குபவர்கள், வார நாளில் கோயில் செல்ல விரும்பினால் ஒரு வாரம் முன்பே பிள்ளைகளிடம் சொல்லிவிடுவது நல்லது. ஃபிளஷிங் செல்பவர்கள் காலை நெரிசல் நேரம் கழித்து ரயிலேறுங்கள். மூத்தோர் சலுகைக்கு வயதைக் காட்டும் அடையாள அட்டை கையில் இருக்கட்டும். பென் நிலையத்தில் படிகள் பல. மின்தூக்கி எங்கே என்று முதல் முறை கேட்டுத் தெரிந்துகொண்டால், அடுத்த முறை நீங்களே பிறருக்கு வழி சொல்வீர்கள்.